குருவில்லாக் காலத்தில் குழந்தைகளைக் காத்த தொண்டர்கள்



பாடசாலை விடுமுறை அண்மிக்கின்றபோது நம் பங்குகள் பலவற்றிலும் ஒரே கவலை தலைதூக்குவதை நீங்கள் அறிவீர்கள். சிறுவர் முகாம் நடத்தவேண்டும். பாடலும் விளையாட்டும் விவிலியக் கதையும் கைவினையும் செபமுமாக ஒரு வாரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும். பிள்ளைகளைச் சேர்ப்பதில் சிரமம் அதிகமில்லை. அவர்கள் நாட்களை எண்ணிக்கொண்டு காத்திருக்கின்றார்கள். அவர்களோடு இருப்பதற்குப் பெரியவர்களும் இளையோரும் எங்கே என்பதுதான் கேள்வி. திருப்பலி முடிவில் பங்குத்தந்தை அழைப்பு விடுக்கின்றார். நாம் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்கின்றோம். மறைக்கல்வி ஆசிரியைகள் நால்வர் இருக்கின்றார்களே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணியவாறு வீடு திரும்புகின்றோம்.

கல்முனைக்குடி, கல்முனை முதலான அம்பாறைக் கரையோர ஊர்களை எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசல்களின் பாங்கோசை நாளைப் பகுக்கின்ற ஊர்கள் இவை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழா அக்கரை முழுவதும் அறிந்த விழா. இத்தகைய சூழலிலே கத்தோலிக்கக் குடும்பங்கள் எண்ணிக்கையிற் சிறியன. சிறிய பங்கொன்றில் ஐந்து பேர் முன்வராவிட்டால் முகாமே இல்லை. ஆகவே இந்தக் கேள்வி அங்கு இன்னும் கூர்மையாக எழுகின்றது. நாம் சிலரே, நம்மால் என்ன இயலும் என்ற சோர்வு எளிதில் நம்மைப் பற்றிக்கொள்ளும்.

அந்தச் சோர்வுக்கு மருந்தாக, இந்த மண்ணிலேயே வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்வை இவ்வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். குருவே இல்லாத நாட்டிற்கு ஒற்றைக் குருவாக வந்து, ஊருக்கு ஊர் தொண்டர்களை எழுப்பி, குழந்தைகளின் விசுவாசத்தைக் காத்துத் தந்த இலங்கையின் திருத்தூதர், புனித யோசப் வாஸ் அடிகளார் அவர்.

அவர் பிறந்தது 1651ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் நாள், கோவாவிலுள்ள பெனாவுலிம் என்னும் ஊரில். தந்தை கிறிஸ்தோபர் வாஸ், தாய் மரிய த மிராண்டா. தாய்மொழி கொங்கணி. கோவாவில் இயேசு சபையாரின் புனித பவுல் கல்லூரியில் உயர்கல்வி கற்று, 1676இல் குருத்துவத் திருநிலை பெற்றார். இளங்குருவாக அவர் முதலில் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு பள்ளியைத் தொடங்கி இலத்தீன் கற்பித்தது. பிற்காலத்தில் ஒரு தேசத்துக்கே ஆசானாகப் போகின்றவரை இறைவன் முதலிற் பிள்ளைகளின் நடுவே அமர்த்தினார் என்பதைக் கவனியுங்கள்.

அந்நாட்களில் இலங்கையிலிருந்து துயரச் செய்திகள் கோவாவை எட்டிக்கொண்டிருந்தன. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றியிருந்தனர். கத்தோலிக்கக் குருக்கள் நாடுகடத்தப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென அறிவிக்கப்பட்டது. கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு உரியனவாயின.

இந்த அடக்குமுறை பிள்ளைகளை எவ்வாறு தாக்கியது என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. ஒல்லாந்தர் ஊர்தோறும் பாடசாலை அமைத்தனர். பிள்ளைகள் அங்கு சென்று சீர்திருத்தச் சபையின் ஞானோபதேசத்தைக் கற்கவேண்டியிருந்தது. செல்லாத பிள்ளைக்காகப் பெற்றோர் தண்டப்பணம் கட்டவேண்டியிருந்தது. பகலில் பாடசாலையில் ஒரு போதனையைக் கேட்ட பிள்ளை, இரவில் வீட்டு மூலையில் பாட்டியின் மடியிலிருந்து செபமாலையைக் கற்றது. குருவின் முகத்தையே காணாத ஒரு தலைமுறை இவ்வாறு வளர்ந்தது. மாந்தையிலிருந்து அன்னையின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டிற்குள் சென்ற குடும்பங்களால் 1670ஆம் ஆண்டளவில் மருதமடுத் திருத்தலம் உருவாகியதும் இக்காலத்திலேதான். குருக்கள் அகற்றப்பட்டபின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், விசுவாசத்தின் அகல்விளக்கு இல்லறத்தாரின் கைகளில் மட்டுமே எரிந்தது.

இச்செய்திகளைக் கேட்ட வாஸ் அடிகளாருக்கு உறக்கம் கொள்ளவில்லை. ஆயினும் அவர் உடனே இலங்கைக்கு அனுப்பப்படவில்லை. 1681இல் கன்னட நாட்டுக் கரையோரப் பணிக்கு அனுப்பப்பட்டார். மூன்றாண்டுகள் அங்கு உழைத்துத் திரும்பியபின், கோவாக் குருக்கள் சிலர் தொடங்கியிருந்த ஒரு சிறு குழுமத்தில் 1685இல் இணைந்தார். அது விரைவில் உரோமையின் புனித பிலிப்பு நேரியாரின் ஒறற்றோரியன் ஒழுங்கைத் தன் ஒழுங்காக ஏற்றது. தெருக்களிலே திரிந்த இளைஞர்களைச் செபத்தாலும் பாடலாலும் மகிழ்ச்சியாலும் ஒன்றுசேர்த்தவர் பிலிப்பு நேரியார் என்பதை நீங்கள் அறிவீர்கள். இன்று நம் முகாம்களிலே பாட்டும் விளையாட்டும் செபமும் ஒன்றாய்க் கலந்திருப்பதற்கு அவரைப் போன்ற புனிதர்கள் இட்ட பாதையும் ஒரு காரணம்.

1686இல் வாஸ் அடிகளார் இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அவருடன் இருந்த துணை யோவான் என்னும் பணியாள் இளைஞன். அங்கியில்லை, ஆதரவுக் கடிதமில்லை, ஒரு பிச்சைக்காரரின் கோலம் மட்டுமே. வந்த சில நாட்களில் வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு தெருவோரத்தில் வீழ்ந்தார். ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி கொடுத்துக் காத்தாள் என்று மரபு கூறுகின்றது. நாடு முழுவதற்குமான பணித்திட்டத்தின் முதல் தொண்டர்கள் யார் என்று கேட்டால், ஒரு பணியாள் இளைஞனும் கஞ்சி வார்த்த ஒரு தாயும் என்றே விடை சொல்லவேண்டும்.

உடல் தேறிய பின்பு அவர் செய்தது என்ன? கத்தோலிக்கர் யாரென்று வெளிப்படையாகக் கேட்டால் அவருக்கும் ஆபத்து, அவர்களுக்கும் ஆபத்து. எனவே தம் கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சையெடுத்தார். யாருடைய கண்கள் அந்தச் செபமாலையிலே தங்கி நின்றனவோ அவர்களை அவர் மனத்தில் குறித்துக்கொண்டார். இவ்வாறு ஒரு குடும்பத்தை இனங்கண்டு, அவர்கள் வழியாக வேறொரு குடும்பத்தை அறிந்து, விசுவாசம் உறுதியாக நிலைத்திருந்த சில்லாலை என்னும் ஊரைச் சென்றடைந்தார். அவ்வூர் மக்கள் அவரை மறைத்து வைத்துப் பேணினார்கள். இரவுகளிலே திருப்பலி நடந்தது. பொழுது விடியுமுன் அனைவரும் கலைந்தனர்.

பொதுவான அறிவித்தலால் அவர் ஆட்களைத் திரட்டியிருக்க முடியாது. ஒவ்வொருவராகத் தேடிச் சென்றார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அன்பர்களே, நம் பங்கில் முகாமுக்குத் தொண்டர் கிடைக்கவில்லை என்று குறைகூறுகின்றோம். யாரையாவது அவர் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்து பெயர் சொல்லிக் கேட்டோமா? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை, ஓய்வுபெற்ற ஆசிரியர், நன்றாகப் படம் வரையத் தெரிந்தும் கூட்டத்தில் வாய்திறக்காத இளம்பெண், இவர்கள் யாரும் பொது அழைப்பிற்குக் கையுயர்த்தமாட்டார்கள். வீடு தேடிச் சென்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணப் பணி ஏறத்தாழ மூன்றாண்டுகள் நீடித்தது. அதன் இறுதிப் பகுதியில், ஒரு நத்தார் இரவிலே, திருப்பலிக்காகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தரின் வீரர்கள் சுற்றி வளைத்தனர். முந்நூறு பேர் வரையில் பிடிபட்டனர். தலைவர்களாக நின்றவர்கள் வதைக்கப்பட்டுக் கடூழியத்திற்கு உள்ளாக்கப்பட்டனர். அடிகளார் தப்பினார். தம்மால் பிறர் துன்புறுவதைக் கண்டு நெஞ்சுருகியவராய்ப் புத்தளம் சென்றார். அங்கிருந்து 1692இல் கண்டி இராச்சியத்தை அடைந்தார். அங்கும் வரவேற்புக் கிடைக்கவில்லை. போர்த்துக்கீச ஒற்றர் என்று பழிசுமத்தப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார்.

ஒல்லாந்தர் கரையிலே விரட்டுகின்றார்கள்; அரசன் மலையிலே அடைத்து வைக்கின்றான். இனி எல்லாம் முடிந்தது என்று வேறொருவர் எண்ணியிருப்பார். அடிகளாரோ அந்தச் சிறைக்காலத்தைச் சிங்கள மொழியைக் கற்பதற்குப் பயன்படுத்தினார். தமிழையும் அவர் இவ்வாறே முயன்று கற்றிருந்தார். மக்கள் தம் சொந்த மொழியில் செபிக்கவும், சிறுவர் தம் தாயின் மொழியிலே மந்திரங்களையும் ஞானோபதேசத்தையும் கற்கவும் இரு மொழிகளிலும் செபங்களை ஆயத்தம் செய்தார். காவல் தளரத் தளரச் சிறை வளவிலேயே ஓலைக்குடிசை ஒன்று சிற்றாலயமாயிற்று. மழையின்றி நாடு வாடிய ஒரு வேளையில் அவர் செபித்தபோது மழை பொழிந்தது என்றும், அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்குப் பணிசெய்யும் சுதந்திரத்தை வழங்கினான் என்றும் திருச்சபை மரபு போற்றிச் சொல்கின்றது.

சுதந்திரம் கிடைத்தது. ஆனால் நாடு பெரிது, குருவோ ஒருவர். ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை அவர் வருவதே அரிது. மீதி நாட்களில் அங்குள்ள குழந்தைகளுக்கு யார் கற்பிப்பது? சாகக்கிடப்பவர் அருகில் யார் அமர்வது? இந்தக் கேள்விக்கு வாஸ் அடிகளார் கண்ட விடைதான் அவருடைய வாழ்வின் மிகப்பெரிய சாதனை என்று நாம் துணிந்து கூறலாம். ஒவ்வோர் ஊரிலும் நற்பெயருள்ள இல்லறத்தார் சிலரைத் தெரிந்தெடுத்தார். மூப்பர் என்றும் அண்ணாவி என்றும் மக்கள் அவர்களை அழைத்தனர். கூலியில்லை. கரையோரங்களிலோ ஒல்லாந்தரின் தண்டனை எப்பொழுதும் தலைக்குமேல் தொங்கியது. ஆயினும் அவர்கள் முன்வந்தார்கள்.

அவர்களுக்கு வரையறுத்த கடமைகள் இருந்தன. ஞாயிறுகளிலும் திருநாட்களிலும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவித்தல். சிறுவருக்கு மந்திரங்களையும் ஞானோபதேசத்தையும் கற்பித்தல். நோயாளரைச் சந்தித்தல். மரண ஆபத்திலிருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தல். குரு வரும் நாளுக்காகத் திருமுழுக்கு, பாவசங்கீர்த்தனம், திருமணம் ஆகியவற்றுக்கு மக்களை ஆயத்தப்படுத்துதல். அடிகளார் வந்தபோது இவை எவ்வாறு நடந்தன என்று விசாரித்தார்; தளர்ந்தவரைத் தேற்றினார்; அறியாததைக் கற்பித்தார்; மீண்டும் நடந்து சென்றார். நம் கரையோர ஊர்களிலே அண்ணாவியார் என்ற சொல்லை இன்றும் மதிப்போடு உச்சரிக்கும் பெரியவர்கள் உண்டு. அந்தச் சொல்லின் பின்னால் நிற்பவர்கள் இந்தத் தொண்டர்களே.

இங்கே நாம் கற்க வேண்டிய பாடங்கள் சில உண்டு. தொண்டர் என்பவர் வெற்றிடத்தை நிரப்ப வந்தவரல்லர். அவருக்கென ஒரு தெளிவான பொறுப்பு வேண்டும். முகாமுக்கு வந்த இளைஞனிடம் எதையாவது செய் என்று சொல்லிவிட்டால் அவன் மறுநாள் வரமாட்டான். பத்துப் பிள்ளைகளை அவனிடம் ஒப்படைத்து, அவர்களின் பெயர்களை அறிந்துகொள்வதும் காலை வரவைப் பதிவதும் மாலையில் பெற்றோர் கையிலே சேர்ப்பதும் உன் கடமை என்று சொன்னால் அவன் ஒரே வாரத்தில் வளர்ந்துவிடுவான். அதேபோல, முன்னாயத்தமின்றி யாரையும் பிள்ளைகளின் முன் நிறுத்தலாகாது. முகாமுக்கு முன் சில மாலைகளாவது தொண்டர்கள் ஒன்றுகூடிச் செபித்து, கதையைச் சொல்லிப் பார்த்து, பாடலைப் பாடிப் பார்த்துப் பழகவேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்பையும் அங்கேயே பேசித் தீர்மானிக்கவேண்டும். எந்தப் பிள்ளையும் தனி அறையில் ஒரு பெரியவருடன் தனித்திருத்தல் ஆகாது. பெற்றோரின் எழுத்துமூல அனுமதியின்றி எவரையும் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாகாது. இவை அவநம்பிக்கையின் அடையாளங்களல்ல. பிறர் பிள்ளையைக் கையேற்பவர் காட்டவேண்டிய பயபக்தி இது.

1696ஆம் ஆண்டளவில் கோவாவிலிருந்து உதவிக் குருக்கள் வந்து சேர்ந்தனர். வாஸ் அடிகளாரின் உறவினரான யோசப் கர்வாலோ அடிகளாரும் அவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டு, 1697இல், கண்டி நகரைப் பெரியம்மை தாக்கியது. மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டகன்றனர். நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டிலும் வீதியிலும் கைவிட்டனர். வாஸ் அடிகளாரும் கர்வாலோ அடிகளாரும் அங்கேயே தங்கினர். குடிசைகள் அமைத்து, நோயாளரைத் தூக்கிவந்து, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த நாட்களில் அவர்கள் ஆற்றிய பணியே நாட்டில் கத்தோலிக்கர் மீதிருந்த ஐயத்தைப் பெரிதும் நீக்கியது.

அம்பாறைக் கரையிலே வாழ்பவர்கள் இதனோடு இன்னொரு வரலாற்றையும் சேர்த்துச் சிந்திப்பது தகும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசர் கரையோரங்களிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, அவர்களுக்கு அடைக்கலம் தந்து கிழக்குக் கரையிலே குடியேற வழிசெய்தவன் கண்டியின் செனரத் மன்னன். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தரால் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கருக்கு அடைக்கலமாகியதும் அதே கண்டி இராச்சியந்தான். அன்று முஸ்லிம்களை விரட்டியவர்கள் கத்தோலிக்க அரசின் ஆட்சியாளர் என்பது நமக்குத் தாழ்ச்சியைக் கற்பிக்கவேண்டிய உண்மை. இரு சமூகங்களும் வெவ்வேறு காலங்களில் ஒரே கதவைத் தட்டியவர்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அலை யாருடைய சமயத்தையும் கேட்கவில்லை.

ஆகவே அத்தகைய ஊரிலே நாம் நடத்தும் முகாம் அயலவர் மதிக்கத்தக்கதாக அமையட்டும். தொழுகை வேளைகளில் ஒலிபெருக்கியைத் தாழ்த்துவது சிறிய செயல். ஆனால் பிள்ளைகள் அதைக் கவனிப்பார்கள். அயல்வீட்டு முஸ்லிம் பிள்ளை பந்து விளையாட வந்து நின்றால், அதன் பெற்றோரின் சம்மதத்தோடு அன்பாய் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். செப வேளையிலும் மறைக்கல்வியிலும் அதனை இழுத்து அமர்த்துவது நேர்மையன்று. அயலவரின் நம்பிக்கையை மதிக்கக் கற்ற பிள்ளையே தன் விசுவாசத்தின் மதிப்பையும் அறிந்துகொள்ளும்.

வாஸ் அடிகளாரின் இறுதிக் காலத்திற்கு வருவோம். பணி பெருகப் பெருக அவர் தம்மைச் சுருக்கிக்கொண்டார். உயர்பதவிக்கு அவரை உயர்த்தும் எண்ணம் எழுந்தபோது விலகினார். வந்த குருக்களுக்குப் பகுதிகளைப் பிரித்துக் கொடுத்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் மொழித்திறனைக் கண்டு அவரை எழுத்துப் பணிக்கு ஊக்கினார். தவக்காலத்தில் நம் ஊர்களிலே நெஞ்சுருக வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அந்தக் கொன்சால்வெஸ் அடிகளாரின் ஆக்கமே. தமக்குப் பின் பணி நிற்கக்கூடாது என்பதில் வாஸ் அடிகளார் கொண்டிருந்த அக்கறைக்கு இதனினும் சான்று வேண்டுமா?

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், உழைப்பால் நைந்த உடலோடு, தம் அறுபதாவது வயதை எட்டுமுன் கண்டியிலே அவர் இறைவனடி சேர்ந்தார். குருவே இல்லாதிருந்த நாட்டில் அப்பொழுது சுமார் 70,000 கத்தோலிக்கரும், 15 கோவில்களும், 400 சிற்றாலயங்களும் இருந்தன. 1995 ஜனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராகவும் அறிவித்தனர். இலங்கையின் முதற் புனிதர் அவர்.

அவருடைய பெயரை உலகம் அறியும். அண்ணாவிகளும் மூப்பர்களுமாய் ஓலைக் குடிசைகளில் அமர்ந்து குழந்தைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எனினும் நீங்கள் இன்று சிலுவை அடையாளம் வரையக் கற்றிருப்பது, உங்கள் தாய்க்கு அவள் தாய் கற்பித்ததால். அந்தத் தாய்க்கு அவள் முன்னோர் கற்பித்ததால். அந்தத் தொடரைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால், நம்மிற் பலர் அந்தப் பெயரறியாத் தொண்டர் ஒருவரிடமே போய்ச் சேருவோம். தண்டனைக்கு அஞ்சி அவர் அன்று வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் இத்தொடர் அங்கேயே அறுந்திருக்கும்.

நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. விடுமுறையில் ஒரு வாரம் கேட்கின்றார்கள். காலை நேரத்தில் சில மணித்தியாலங்கள், பிள்ளைகளுக்குத் தேநீர் வார்க்கும் இரண்டு கைகள், கதை சொல்லும் ஒரு குரல், முச்சக்கரவண்டியில் நான்கு சிறுவரை ஏற்றிவந்து இறக்கும் ஓர் உள்ளம். ஐந்து அப்பங்களைக் கொடுத்த சிறுவனிடம் ஆண்டவர் ஆறாவதைக் கேட்கவில்லை என்பதை நினைவுகூருங்கள்.

எனவே, அன்பார்ந்த பெற்றோரே, இம்முறை பிள்ளையை முகாம் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புமுன் உள்ளே சென்று, நான் எந்த நாளில் வரட்டும் என்று கேளுங்கள். இளையோரே, உங்களுக்குக் கற்பித்தவரை நினைத்து உங்கள் பெயரைக் கொடுங்கள். முதியவர்களே, செபமாலையோடு வந்து பிள்ளைகளின் அருகில் அமருங்கள். நீங்கள் இருப்பதே அவர்களுக்குப் பாடம்.

புனித யோசப் வாஸ் அடிகளாரே, சிறு மந்தைகளின் நடுவே தொண்டர்களை எழுப்பியவரே, எங்கள் ஊர்களிலும் எங்கள் இல்லங்களிலும் அத்தகையோரை எழுப்ப எங்களுக்காக இறைவனை மன்றாடும். ஆமென்.